உயிலில் இல்லாத மகன்

ஐம்பதுகளின் தொடக்கத்தில் பொன்னேரியில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தாவாகச் சேர்ந்தேன். சேர்ந்த வாரமே முனுசாமி என்பவர் சம்மனோடு வந்து நின்றார். கும்மிடிப்பூண்டிப் பக்கத்து விவசாயி. வயது நாற்பதை நெருங்கும். நடவுக் கழனியிலிருந்து நேரே ரயிலேறியிருக்கிறார். காலில் சேறு காய்ந்திருந்தது.

“நைனாவுக்குக் கருமாதி முடிஞ்சி கொஞ்ச நாளுதாங்க ஆவுது. கொள்ளி வெச்சது நானு. இப்ப நெலத்த உட்டுப் போன்னு கோர்ட்டுலேர்ந்து வந்துகீது.”

நைனா என்று அவர் சொன்ன எல்லப்பன் அவரைப் பெற்றவர் அல்ல. முனுசாமி கைக்குழந்தையாக இருந்தபோதே தகப்பன் இறந்துவிட, தாய் எல்லப்பனை மறுமணம் செய்துகொண்டார். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. தாயும் போன பிறகு நிலத்தை உழுததும், படுக்கையில் விழுந்த எல்லப்பனைத் தூக்கிக் குளிப்பாட்டியதும் முனுசாமிதான். ஆனால் நிலம், வீடு எல்லாவற்றையும் எல்லப்பன் தன் தம்பி மகன் துரைக்கு உயில் எழுதி வைத்திருந்தார். வழக்குப் போட்டவர் துரை.

வக்கீல் உயில் நகலைப் படித்துவிட்டு நிமிர்ந்தார். “நெலம் அவர் வாங்கினதா, பாட்டன் சொத்தா?”

“அவுரு வாங்கினதுங்க.”

“உன்னைத் தத்து எடுத்தாரா?”

“புள்ளைய எதுக்குங்க தத்து எடுக்கணும்?”

வக்கீல் கண்ணாடியைக் கழற்றினார். “சட்டப்படி நீ அவருக்கு வாரிசு இல்லப்பா. உயிலே இல்லேன்னாலும் உனக்கு வராது. அம்மா பேர்ல ஏதாவது இருந்தா கேக்கலாம்.”

அம்மா பேரில் எதுவும் இல்லை.

“பயிர அறுக்கவாவது உடச் சொல்லுங்க” என்றார் முனுசாமி. அதற்காகத்தான் ஆஜரானோம்.

விசாரணையன்று எதிர்த்தரப்பு வக்கீல் அவரிடம் கேட்டார்: “உம்ம தகப்பனார் பேரு?”

“எல்லப்பன்.”

“பெத்தவர் பேரைக் கேக்கறேன்.”

“அவுரு மொகங்கூட எனுக்குத் தெரியாதுங்க.”

“பேரைச் சொல்லும்.”

முனுசாமி அந்தப் பேரைச் சொன்னார். கேஸ் அதோடு முடிந்தது. அறுப்பு வரை அவகாசம் வாங்கினோம். அதற்கு மேல் எங்களால் ஆகவில்லை.

அறுப்பு முடிந்ததும் கோர்ட் அமீனா நிலத்தையும் வீட்டையும் சுவாதீனம் எடுத்துத் துரையிடம் ஒப்படைக்கப் போனார். எங்கள் தரப்பில் நான் போனேன். வீடு காலியாக இருந்தது. துரை கையில் பூட்டோடு காத்திருந்தார்.

“குமாஸ்தா ஐயா, அந்த உயில ஒருவாட்டி முழுசா படிங்க” என்றார் முனுசாமி.

படித்தேன்.

“எம்பேரு எங்கியும் வரலியே?”

“இல்ல.”

“திட்டிக்கூட எழுதலியா?”

“இல்லண்ணே.”

அவர் டிரங்குப் பெட்டியைத் தலையில் ஏற்றிக்கொண்டு, மனைவியோடு ஸ்டேஷன் பக்கம் நடந்தார்.

அதற்குப் பிறகு உயில் எழுத வருகிறவர்களிடம், வீட்டில் வளர்ந்தவர்கள் யார் யார் என்று கேட்பேன். கொடுக்க மனமில்லை என்றால் காரணத்தையாவது ஒரு வரி எழுதச் சொல்வேன். சிலர் எழுதினார்கள். பலர், “அதெல்லாம் இன்னாத்துக்குங்க?” என்று கையெழுத்துப் போட்டுவிட்டு எழுந்துபோனார்கள்.