அக்கா முதுகால் இழுத்த வில்

எங்கள் அக்கா பிறந்தது திருநெல்வேலியில். அப்பாவுக்கு ரயில்வேயில் மாற்றல் வந்ததால் கைக்குழந்தையாகக் கார்டன் ரீச் குவார்ட்டர்ஸுக்கு வந்தவர், கடைசிவரை கல்கத்தாவை விட்டுப் போகவில்லை. அப்பா இறந்தபின் ரயில்வேயில் குமாஸ்தாவாகச் சேர்ந்து அம்மாவையும் தம்பியான என்னையும் காப்பாற்றினார்.

வில்லைத் தொட்டபோது அவருக்கு முப்பத்தாறு வயது. ரயில்வே மண்டல அணியில் பெண்களுக்கு நான்கு இடங்கள். முதல் இரண்டு ஆண்டுகளும் தேர்வில் ஐந்தாவதாக வந்தார். மூன்றாம் முறையும் தவறினால் அலுவலகம் கொடுத்த வில்லைத் திருப்பித் தர வேண்டும். சொந்தமாக ஒன்று வாங்க எங்களால் முடியாது.

குறை இன்னதென்று பயிற்சியாளருக்குத் தெரிந்தது. அக்கா முழு இழுப்பையும் கையால் தாங்கினார். கை நடுங்கும். இலக்கின் நடுவிலுள்ள மஞ்சள் வட்டம் கண்ணில் பட்டதும் அவசரமாக விரலை விடுவார். அம்பு விலகும்.

"தீதி, ஹாத் சே நஹீ, பீட் சே," என்றார் பயிற்சியாளர். கையால் அல்ல, முதுகால் இழுக்க வேண்டும்.

வீட்டில் சைக்கிள் ட்யூபை வெட்டி, அதை நாணாக நினைத்து அக்கா இழுப்பார். சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலை பார்த்த அவர் கணவர், எங்கள் அத்தான், பின்னால் நின்று, இரு தோள்பட்டை எலும்புகளுக்கும் நடுவே விரலை வைத்திருப்பார். எலும்புகள் நெருங்கி அந்த விரலைக் கவ்வ வேண்டும்.

"விரல் நசுங்கலியே. கையாலதான் இழுக்கே."

"நசுங்கினா யார்டுக்கு லீவு போடலாம்னு பாக்கியளா?"

மகளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது என்றே அம்மா நம்பினார். "ஏட்டி, டாக்டர்ட்ட போயேன்," என்று தினமும் நச்சரித்தார். பௌதி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி உப்பு ஒத்தடமே கொண்டுவந்துவிட்டார். அக்கா மறுக்கவில்லை.

"இருக்கட்டும்டா தம்பி. முதுகு சூடாச்சுன்னா இன்னும் அம்பது இழுக்கலாம்லா," என்றார் என்னிடம்.

தேர்வு பெஹாலா மைதானத்தில் நடந்தது. ஓர் அம்பு மீதி இருந்தபோது அக்கா ஐந்தாம் இடத்தில் இருந்தார். மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். நட்டநடுவில் பட்டு முழுதாகப் பத்துப் புள்ளி விழுந்தால்தான் இடம்.

அக்கா நாணை இழுத்தார். தோள் மேலேறியது; பழையபடி கையால் இழுத்துவிட்டார். எய்யாமல் வில்லைத் தாழ்த்தினார்.

"நேரம் போகுது, விடுட்டி!" என்று அத்தான் கத்தினார்.

அக்கா திரும்பிப் பார்க்கவில்லை. மறுபடி இழுத்தார். நான் பின்னால் நின்றிருந்தேன். சட்டைக்கடியில் தோள்பட்டை எலும்புகள் ஒன்றையொன்று நெருங்கின. கை அசையவில்லை, முதுகு இழுத்துக்கொண்டே இருந்தது. சட்டென்று அம்பு போனது.

பத்து.

"நான் விடலடா. அதுவாப் போச்சு," என்றார் அக்கா, தானே நம்பாதவரைப் போல. அத்தான் வரம்புக் கயிற்றைத் தாண்டி ஓடி, நடுவரிடம் திட்டு வாங்கினார்.

ஐந்து ஆண்டுகள் அந்த அணியில் இருந்தார். மூன்று பதக்கங்கள். சென்ற ஆண்டு நுரையீரல் நோய் வந்து, மூன்று மாதங்களில் நம்மை விட்டுப் பிரிந்தார்.

மருத்துவமனையில் முறை வைத்து உடனிருந்த அலுவலகத் தோழிகளுக்கும், இரத்தம் கொடுத்த அணியினருக்கும், அம்மாவுக்கு வேளை தவறாமல் சோறு கொண்டுவந்த பௌதிக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

நோய் முற்றிய நாட்களிலும் வில்லைத் திருப்பிக் கேட்டு அலுவலகத்திலிருந்து யாரும் வரவில்லை. அக்காதான் ஆள் அனுப்பச் சொன்னார். நாணைக் கழற்றி, வில்லைத் துடைத்து, ஒப்படைப்புத் தாளில் கையெழுத்துப் போட்டு, தன் கையாலேயே கொடுத்தார்.