நூற்றுக்கு நூறு பிரெஞ்சு

எங்கள் ஓசூர்ப் பள்ளியில் தமிழுக்குப் பதிலாகப் பிரெஞ்சு எடுக்கலாம். அந்த மொழி மீது யாருக்கும் ஆசை கிடையாது. எடுத்தால் மார்க்கை அள்ளலாம், அவ்வளவுதான். ஒன்பதாம் வகுப்பில் அப்பா என்னையும் அதில் தள்ளினார். அந்த வருடம் பிரெஞ்சு நடத்த வந்தவர் என் அம்மாவின் தங்கை. பெங்களூருக்குப் பஸ்ஸில் போய்வந்து ஆசை ஆசையாக அதைப் படித்தவர். அவருக்கு அதுதான் முதல் வேலை.

வந்த அன்றே சித்தி கைடுகளை மூடச் சொன்னார். ஒரு கூடைத் தக்காளியை மேசையில் கொட்டி, பிரெஞ்சில் பேரம் பேசச் சொன்னார். காய்க்காரரிடம் தெலுங்கிலும் கண்டக்டரிடம் கன்னடத்திலும் வாயாடி வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்களுக்கு என்ன கூச்சம்? தப்பும் தவறுமாகத்தான் பேசினோம், ஆனால் பேசினோம். பாகலூர்ப் பையன் ஒருவன் பிரெஞ்சில் சண்டையே போட்டான்.

முதல் தேர்வில் எல்லோருக்கும் மார்க் குறைந்தது. பெற்றோர் கூட்டத்தில் முதல் ஆளாக எழுந்தவர் வேறு யாருமில்லை, என் அப்பாதான்.

“பேசச் சொல்லி யாரும்மா கேட்டாங்க? பரிச்சையில பேசவா சொல்றாங்க? கேள்வி பதிலைக் குடுங்க, புள்ளைங்க மனப்பாடம் பண்ணிக்கும்.”

வீட்டில் அவரை மாமா என்று கூப்பிடும் சித்தி அன்று, “பேசாம எப்படி சார் ஒரு மொழி வரும்?” என்று கேட்டார். மொத்தக் கூட்டமும் சிரித்தது. கம்பெனிக்கு வெளிநாட்டு இன்ஜினியர் வந்தால் வாயடைத்து நிற்கிறவர்கள் சிரித்தார்கள்! நினைத்தால் இன்றும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்த வாரமே சித்தியை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள்.

அடுத்து வந்த சார் கைடைத் திறந்தார். அவர் சொல்லச் சொல்ல நாங்கள் எழுதினோம், எழுதியதை உருப்போட்டோம். பத்தாம் வகுப்பில் எனக்கு நூற்றுக்கு நூறு. பள்ளி வாசலில் ஃபிளெக்ஸ் பேனரில் என் முகம். மைசூர்பாகு டப்பாவோடு சித்தி வீட்டுக்கு ஓடினேன்.

சித்தி என் கன்னத்தைக் கிள்ளி, பிரெஞ்சில் சின்னதாக ஏதோ கேட்டார்.

“இது எந்தப் பாடத்துல வருது சித்தி?” என்றேன்.

“சாப்ட்டியான்னு கேட்டேன்டி.”

சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தோசைக்கல்லை அடுப்பில் வைத்தார். கண்ணைத் துடைத்தது எனக்குத் தெரிந்தது. நான் மார்க் வாங்கிய சந்தோஷத்தில்தான் அழுகிறார் என்று நினைத்து, பெருமையாக உட்கார்ந்து வயிறு முட்டத் தின்றேன்.