ஸ்டெல்லா அக்கா பேர் முதல்ல வந்த லிஸ்ட்

ஸ்டெல்லா அக்கா போயிட்டாங்க. காலையில பழைய கம்பெனி வாட்ஸப் குரூப்ல மெசேஜ்... நாளைக்கு இரும்புலியூர் வீட்டுல இருந்து எடுக்கறாங்களாம்.

எல்லாரும் கும்பிடுற எமோஜி போட்டுட்டாங்க. எனக்கு விரல் போகல.

ரெண்டாயிரங்கள்ல, மறைமலை நகர்ல ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனி. அக்கா ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன். நான் கம்ப்யூட்டர் பார்க்கிற சிஸ்டம்ஸ்ல புதுசு. தாம்பரத்துல ஆறு மாச கோர்ஸ் முடிச்சுட்டு, டேட்டாபேஸைக் கரைச்சுக் குடிச்சுட்டதா நினைப்பு எனக்கு.

அக்கா ரப்பர் சீலை எடுத்து கட்டைவிரலால ஒரு சுத்து தடவுவாங்க. டியூப்லைட் வெளிச்சத்துல ஒரு பார்வை. "இது தேறாது தம்பி"ம்பாங்க. தேறாது.

ஒருநாள் மேனேஜர் கூப்பிட்டார். "கஸ்டமர் திருப்பி அனுப்பின பீஸெல்லாம் யார் பாஸ் பண்ணதுன்னு பேர் வாரியா லிஸ்ட் வேணும்."

கம்ப்யூட்டர்ல ஒரு டேபிள்ல எந்தத் தேதியில யார் யார் இன்ஸ்பெக்‌ஷன் டியூட்டின்னு இருக்கும். இன்னொண்ணுல திரும்பி வந்த பீஸ், அது தயாரான தேதி. எந்த பீஸை யார் பார்த்தாங்கன்னு எங்கேயுமே பதிவு கிடையாது.

"முடியாது சார்"னு சொல்லியிருக்கணும். நான் தேதியை வச்சு ரெண்டையும் ஜாயின் பண்ணேன். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சு.

லிஸ்ட் அழகா வந்தது. முதல் பேர் ஸ்டெல்லா அக்கா.

எல்லார் முன்னாடியும் மேனேஜர் அந்தப் பேப்பரை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அக்காவை பேக்கிங்குக்கு மாத்திட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சு அந்த லிஸ்டைத் திரும்ப ஓட்டிப் பார்த்தப்போதான் உறைச்சது. ஒரு பீஸ் திரும்பி வந்தா, அது தயாரான அன்னைக்கு டியூட்டில இருந்த ஆறு பேர் கணக்குலயும் ஏறியிருக்கு. லீவே போடாத ஆள்தான் முதல்ல வருவாங்க... அக்கா லீவே போடமாட்டாங்க.

எனக்கு வேலை நிரந்தரம்னு கன்ஃபர்மேஷன் லெட்டர் வர வேண்டிய மாசம். வாயைத் திறக்கல. லிஸ்ட் எடுக்க எழுதின அந்த க்வெரியை சத்தமில்லாம அழிச்சேன்.

அதுக்கப்புறமும் அக்கா கம்பெனி பஸ்ல எனக்கு இடம் போட்டு வைப்பாங்க. பக்கத்துல உட்கார்ந்து வருவேன்... வெட்கங்கெட்டவன்.

கூடுவாஞ்சேரி தாண்டும்போது ஒருநாள் கேட்டாங்க. "கண்ணு டெஸ்ட் பண்ணிட்டேன் தம்பி. பவரே இல்லன்றாரு டாக்டர். அப்புறம் எப்படி அவ்ளோ பீஸ விட்டேன்? உன் கம்ப்யூட்டர் தப்பா சொல்லாதுல்ல?"

அப்போவாவது சொல்லியிருக்கலாம்.

"சொல்லாதுக்கா"ன்னேன்.

"அப்ப என் மேலதான் தப்பு"ன்னாங்க.

ரெண்டு கம்பெனி மாறிட்டேன். அக்கா நம்பர் போன்லயே இருந்தது. ஒரு தடவைகூட கூப்பிடல.

நாளைக்கு வரேன்க்கா.

உங்க மேல தப்பு இல்ல... எனக்கு அன்னைக்கே தெரியும்.