நாற்பத்தேழாம் நம்பர்

கெசியா ஹோல்ராய்டுக்கு எண் தெரியும், எழுத்துத் தெரியாது. எட்டு வயதில் நூல் ஆலைக்குப் போனவளுக்கு அதற்குமேல் தேவைப்படவில்லை.

அவள் மகன் வில்ஃபுக்கு ஆறு வயதில் தொண்டை அடைப்பான் வந்தது. அன்றைக்கே நகரசபைச் சுகாதார ஆய்வாளர் வண்டியோடு வந்துவிட்டார். வீட்டுக்குக் கந்தகப் புகை, பிள்ளைக்குக் காய்ச்சல் ஆஸ்பத்திரி. பெற்றவளுக்கும் உள்ளே அனுமதி இல்லை. குப்பைத் தொட்டிக்கும் பிள்ளைக்கும் நம்பர் போடுகிற நகரசபை, அவள் கையில் 47 என்று ஒரு சீட்டைக் கொடுத்தது.

"தினம் சாயங்காலப் பேப்பர்ல இந்த நம்பர் வரும்மா. 'தேறி வருது'ங்கிற தலைப்புக்குக் கீழ இருந்தா நிம்மதியா இருங்க. 'ஆபத்து'க்குக் கீழ வந்தா உடனே வாங்க, ஜன்னல் வழியாப் பார்க்க விடுவாங்க" என்றார் ஆய்வாளர்.

47-ஐக் கெசியாவே தேடிப் பிடிப்பாள். தலைப்பைப் படித்துச் சொல்வது பக்கத்து வீட்டுக்காரி ஏடா.

"தேறி வருதாம்டி. உன் பையன் கல்லைத் தின்னாலும் செரிப்பான். நீ போய் ரெண்டு வாய் சாப்பிடு."

ஐந்தாம் நாள் நம்பர் பத்தியின் உச்சிக்குப் போயிருந்தது.

"இடம் மாறியிருக்கே, ஏடா?"

"அச்சுக் கோக்கிறவன் குடிகாரன். எங்கே இடம் இருக்கோ அங்கே சொருகுவான்."

கெசியா சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் பிறகு அவளால் மன்னிக்கவே முடியவில்லை.

மூன்று நாள் நம்பர் உச்சியிலேயே நின்றது. அதற்கடுத்த நாள் பேப்பரில் 47 இல்லை. கெசியா போய் ஏடாவின் வீட்டுக் கதவைத் தட்டினாள், யாரும் திறக்கவில்லை. குணமாகி அனுப்புகிறார்கள் போலிருக்கிறது என்று மகனுடைய பூட்ஸைத் துடைத்து எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினாள்.

வாசலில் நர்ஸ் அந்தப் பூட்ஸைப் பார்த்தாள். "மூணு நாளா ஆபத்துன்னு போட்டோமேம்மா. கடைசி மூச்சு வரைக்கும் ஜன்னலையே பார்த்துக்கிட்டிருந்தான். ஏன் வரலை?"

கெசியா வீடு திரும்பியதும் ஏடா வந்து அழுதாள். "நீ தாங்க மாட்டேன்னு நினைச்சேன், கெசியா. நாளைக்குத் தேறிடும், நாளைக்குத் தேறிடும்னு..."

"தாங்குறது என் பாடு. உன்னைப் படிக்கத்தானே சொன்னேன்."

அந்தக் குளிர்காலமே ஞாயிறு பள்ளியில் சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்தாள். முதலில் கற்ற வார்த்தை 'ஆபத்து'. அதற்கப்புறம் ஏடாவோடு பேச்சு இல்லை.

எட்டு வருஷம் கழித்து ஏடாவின் கடைக்குட்டியை அதே வண்டி ஏற்றிப் போனது. ஒரு சாயங்காலம் ஏடா பேப்பரோடு வந்து நின்றாள்.

"பன்னிரண்டாம் நம்பர். எனக்குப் பார்க்கப் பயமா இருக்கு. நீ பாரேன்."

கெசியா பார்த்தாள். ஒரு பொய் சொல்லிப் பழிதீர்த்துக்கொள்ள அவளுக்கு ஒரு நொடி போதும்.

"ஆபத்துன்னு போட்டிருக்கு. ஓடு."

"கூட வாயேன், கெசியா."

ஏடா நழுவவிட்ட பேப்பரை எடுத்து மடித்து அவள் கையில் கொடுத்துவிட்டு, கெசியா கதவைச் சாத்திக்கொண்டாள்.