இரண்டு ராஜாக்களும் ஒரு மதகுப் பாலமும்

ஒரு மனுவை எத்தனை வகையில் திருப்பி அனுப்பலாம் என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். பாலக்காட்டில் வெள்ளைக்காரச் சர்க்காரின் மராமத்து ஆபீசில் குமாஸ்தாவாக ஏறி, தலைமைக் குமாஸ்தாவாக இறங்கியவன் நான். ஓரம் விடாமல் எழுதியது, தேதி இல்லாதது, கையெழுத்து இடம் மாறியது எல்லாவற்றையும் சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்புவதில் எனக்குத் தனி ருசி. ஆகவே என் தங்கை கணவர் காண்டிராக்டர் ஆக ஆசைப்பட்டபோது குடும்பம் முழுவதும் என்னைத்தான் திரும்பிப் பார்த்தது.

மாப்பிள்ளைக்கு ஊர் நல்லேப்பிள்ளி. தொழில் கொத்து மேஸ்திரி. பாலக்காட்டிலிருந்து மாட்டு வண்டியில் போய்விடலாம், ஆனால் அங்கே ஆள்வது கொச்சி ராஜா. அந்தப் பக்கத்து வாய்க்கால் மதகுகளில் பாதி மாப்பிள்ளையின் கைவேலை. கல்லில் வெட்டியிருப்பது மட்டும் அதே கொச்சிச் சீமையில் பக்கத்திலிருக்கும் சித்தூர்க் காண்டிராக்டர் ஒருவருடைய பெயர். அவர் கல் நடும் அன்றைக்குத்தான் குடையோடு வருவார்.

அந்த வருஷம் மாப்பிள்ளையின் வயலுக்கு நேர் எதிரே, வாய்க்கால் மேல் மதகோடு சேர்ந்த பாலம் ஒன்று கட்ட உத்தரவாயிற்று. கொச்சி சர்க்கார் பட்டியலில் பதிந்த காண்டிராக்டர்கள்தான் டெண்டர் போடலாம். பதிய மாதக் கடைசி வரை தவணை.

"சொந்த ஊர்ப் பாலத்துல இன்னொருத்தர் பேரைப் பார்த்துக்கிட்டே தெனமும் வயலுக்குப் போக என்னால ஆகாதுங்க, மச்சான்" என்றார் மாப்பிள்ளை.

நான் காரியத்தில் இறங்கினேன். நிலத்துக்கும் வீட்டுக்கும் தாசில்தாரின் சொத்துச் சான்று வாங்கினோம். முன்பு செய்த வேலைக்குச் சான்று தரச் சித்தூர்க் காண்டிராக்டர் மறுத்துவிட்டார். அவர் கணக்கில் அதெல்லாம் அவரே கட்டியவை. பென்ஷன் வாங்கிய பழைய ஓவர்சியர் ஒருவர்தான் எழுதிக் கொடுத்தார்: "இவர் கட்டிய மதகு எதுவும் பழுதென்று சொல்லி என்னை வெயிலில் நடக்க வைத்ததில்லை." மராமத்து இலாகாவில் இதைவிட உயர்ந்த சான்று கிடையாது.

கடைசியாக, முத்திரைத் தாளில் ஓர் உறுதிமொழிப் பத்திரம். என் ஆபீஸ் வாசலில் வழக்கமாக வாங்கும் இடத்திலேயே தாள் வாங்கினேன். எழுத்து அழகாக இருக்க வேண்டும் என்று வேறு தாளில் மூன்று முறை எழுதிப் பழகினேன். அதில்தான் நாட்கள் போய், கடைசி நாள் காலையில் சித்தூர் மராமத்து ஆபீசில் போய் நின்றோம்.

அங்கிருந்த மலையாளிக் குமாஸ்தா பத்திரத்தை நெடுநேரம் ரசித்தார். "எழுத்து முத்து மாதிரி இருக்கு சாரே. பக்ஷே இதில் இருக்கிறது லண்டன் ராஜா. நம்ம ராஜா முத்திரை வேணுமே."

அவர் சொன்ன தோரணை எனக்கு நன்றாகத் தெரிந்த தோரணை. என்னுடையது.

வெளியே வந்ததும் மாப்பிள்ளை மெதுவாகச் சொன்னார்: "வாங்கின அன்னிக்கே பார்த்தனுங்க. ராஜா மூஞ்சி வேறயா இருந்துச்சு. படிச்சவரு வாங்கினா சரியாத்தான் இருக்கும்னு உட்டுட்டனுங்க."

சித்தூரில் கொச்சி முத்திரைத் தாள் விற்பவரின் கடை பூட்டிக் கிடந்தது. தத்தமங்கலத்தில் கல்யாணத்துக்குப் போயிருக்கிறார் என்றார்கள். வண்டி பிடித்துப் போனோம். அவர் அப்போதுதான் பந்தியில் உட்கார்ந்திருந்தார்.

"பாயசம் வர்றதுக்கு முன்னால எந்த ராஜாவுக்காகவும் நான் எந்திரிக்கிறதில்லை" என்றார்.

பெண் வீட்டார் எங்களுக்கும் இலை போட்டார்கள். எனக்குச் சோறு இறங்கவில்லை. மாப்பிள்ளை மூன்றாம் முறை சாம்பார் கேட்டார். நான் முறைத்ததற்கு, "நான் பட்டினி கிடந்தா அவரு வேகமாச் சாப்பிடுவாருங்களா?" என்றார்.

பாயசம் இரண்டு தடவை வந்தது. அதன் பிறகு அவரை வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்து, கடை திறந்து, பதிவேட்டில் எழுதி, தாள் கைக்கு வந்தபோது ஆபீஸ் மூடக் கால்மணி நேரம்தான் இருந்தது. கடைப் பலகைமேல் வைத்து எழுதினேன். பேனா சிந்தியது. ஓரம் விட மறந்தேன். ஒரு வரி மேலே ஏறிப் போயிற்று. என் மேஜைக்கு வந்திருந்தால் முழுத் தாளையும் சேர்த்து ஒரே வட்டமாகப் போட்டிருப்பேன்.

சித்தூர்க் குமாஸ்தா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஓரம் விடலையே" என்று மட்டும் சொல்லிவிட்டு, வாங்கிக்கொண்டு முத்திரை குத்தினார். அன்று எனக்கு அந்த மனிதர்மேல் வந்த மரியாதை, என்மேல் எனக்கு அதுவரை வந்ததில்லை.

மாப்பிள்ளையின் பெயர் பட்டியலின் கடைசி வகுப்பில் ஏறியது. டெண்டர் போட்டதில் பாலம் கட்டும் வேலையும் அவருக்கே கிடைத்தது. கல்லில் பொறிக்க இலாகா, வேலை எண், உத்தரவு விவரம் எல்லாம் சேர்த்து ஆறு வரி எழுதிக் கொடுத்தேன். அவர் தன் பெயரையும் ஊரையும் மட்டும் வெட்டினார்.

பாலத்தில் உட்காருகிறவர்களிடம் இன்றைக்கும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்: "மச்சான் அழகா எழுதினது ஒண்ணும் செல்லலைங்க. கண்டபடி கிறுக்கினாரு பாருங்க, அதுதான் செல்லுச்சு."