நான் சட்டி எடுத்த பங்குனி

தம்பியின் கண்ணை நான்தான் கெடுத்தேன் என்று எங்கள் வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் நம்பினார்கள். நானும் நம்பினேன். அது தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது, அவனுக்கு இரண்டரை.

நடந்தது இவ்வளவுதான். அப்பா விஸ்வநத்தம் பக்கம் ஒரு பட்டாசு கம்பெனியில் வேலை பார்த்தார். தீபாவளிக்குக் கழித்துப் போட்ட கம்பி மத்தாப்பில் ஒரு கட்டு கொண்டுவருவார். பட்டாசு செய்கிறவன் பிள்ளைக்குக் கிடைப்பது சரியாக எரியாத சரக்குதான். அந்த வருஷம் நான் ஒன்றைக் கொளுத்தித் தம்பி கையில் கொடுத்தேன். பொறி தெறித்தது. அழுதான், கண்ணைக் கசக்கினான். அம்மா தண்ணீர் விட்டுக் கழுவினாள். மறுநாள் விளையாடப் போய்விட்டான்.

கார்த்திகையில் ஒரு சாயங்காலம் அம்மா தீப்பெட்டிக் கூடு ஒட்டிக்கொண்டிருந்தாள். விளக்கு ஏற்றியதும் தம்பி திரும்பிப் பார்த்தான். இடது கண் பூனைக்கண் மாதிரி வெள்ளையாக மின்னியது. முதலில் கவனித்தவள் அத்தை, அப்பாவின் அக்கா. புருஷன் செத்தபின் எங்களோடு இருந்தாள். வீட்டில் அவள் வைத்ததுதான் சட்டம்.

"ஏட்டி, மத்தாப்பக் கண்ணுல வச்சுச் சுட்டுட்டயே, பாவி. இருக்கது ஒத்தப் பய. அவனையும் குருடாக்கிட்டயே."

முதுகில் நாலு அடி விழுந்தது. அம்மா தடுக்கவில்லை. தம்பியைத் தூக்கி விளக்குக்குப் பக்கத்தில் பிடித்து அந்தக் கண்ணையே பார்த்தாள். விரலில் இருந்த பசை காய்ந்து வெள்ளையாகிற வரைக்கும் பார்த்தாள்.

செய்தி கேட்டு அம்மாவின் தம்பி தாயில்பட்டியிலிருந்து வந்தார். மாமாவுக்கும் ஒரு கண் கிடையாது. எங்கள் பக்கம் ஒற்றைக் கண்காரனை யாரும் ஏன் என்று கேட்பதில்லை. விரல் இல்லாதவன், காது கேளாதவன், முகம் வெந்தவன், எல்லாருக்கும் ஒரே காரணம்தான். வெடி.

"வாங்க வாங்க, ஒங்களுக்குச் சோடி சேந்துருச்சு" என்றாள் அத்தை.

மாமா அதைக் காதில் வாங்கவில்லை. தம்பியின் முகத்தை நிமிர்த்திப் பார்த்தார். "அக்கா, இது வந்து..." என்று ஆரம்பித்தார்.

"நீ பேசாம இரு" என்றாள் அம்மா. அவள் மாமாவிடம் அப்படிக் கடுமையாகப் பேசி நான் கேட்டதில்லை.

பிறகு நாட்கள் போயின. எப்படிப் போயின என்று சொல்லவே அலுப்பாக இருக்கிறது. கண்ணில் தாய்ப்பால் விட்டார்கள். நந்தியாவட்டைப் பூவை வைத்துக் கட்டினார்கள். வைப்பாற்றங்கரை மாரியம்மன் கோயிலில் பத்து நாள் கிடந்து, தினமும் தீர்த்தம் தெளித்தோம். வெள்ளியில் கண்மலர் செய்து போடுவதாக நேர்ந்துகொண்டார்கள். அம்மன் பார்த்துக்கொள்வாள் என்றாள் அத்தை. அம்மன் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். கண் வீங்கிக்கொண்டு வந்தது. தம்பி தலையைச் சுவரில் இடித்து இடித்து அழுதான்.

தை மாதம்தான் மதுரைக்குப் போனோம். தம்பியைத் தூக்கி வைத்துக்கொள்ள நானும் போனேன். பெரிய ஆஸ்பத்திரியில் நாலு நாள் வராந்தாவில் படுத்தோம். ஐந்தாம் நாள் ஒரு டாக்டர் கூப்பிட்டார். அப்பா பால் வாங்கப் போயிருந்தார்.

கண்ணுக்குள் புற்றுக்கட்டி என்றார் டாக்டர். கண்ணை எடுத்துவிட்டால் பிள்ளை பிழைக்கலாம், எடுக்காவிட்டால் மூளைக்குப் போய்விடும் என்றார். பிறகு அம்மாவிடம் ஒரு கேள்வி கேட்டார்.

"உங்க வழியில யாருக்காவது சின்னதுலயே கண்ணு போயிருக்காம்மா? கூடப் பொறந்தவங்க, அப்பா அம்மா யாருக்காவது?"

"இல்லங்கய்யா" என்றாள் அம்மா. "இவ மத்தாப்புக் கொளுத்துனாங்க. அதுலருந்துதான்."

எனக்கு மாமாவின் ஞாபகம் வந்தது. ஆனால் அது வெடி, கணக்கில் வராது என்று நினைத்தேன். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நீ தம்பியத் தூக்கிட்டு வெளிய இரு பாப்பா" என்றார். அம்மா வெளியே வரும்போது முந்தானையை வாயில் வைத்திருந்தாள். கண்ணை எடுக்கப் போகிறார்களே, அதற்கு அழுகிறாள் என்று எண்ணினேன்.

கையெழுத்துப் போட அப்பாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அக்காவைக் கேட்க வேண்டும் என்று எங்களையும் கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். அத்தை ஆடித் தீர்த்தாள்.

"அம்மன் குடுத்த கண்ண நோண்டி எறியவா? குலம் வெளங்குமா?"

அத்தைக்கு எதிரே வாய் திறக்காத அம்மா அன்று திறந்தாள். "எடுக்கட்டும் மதினி. உசுரு இருந்தாப் போதும்."

அத்தை என்னைப் பார்த்தாள்.

"அப்படின்னா தப்புப் பண்ணுன கை சட்டி எடுக்கட்டும். விருதுநகர் மாரியம்மன் பங்குனிப் பொங்கலுக்கு இவ அக்கினிச்சட்டி எடுத்தாத்தான் அம்மன் பய உசுரக் குடுப்பா."

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தலையை ஆட்டினாள்.

தம்பியின் கண்ணை எடுத்தார்கள். அந்தக் குழிக்குக் கதிர்வீச்சு வைத்தார்கள். மயிர் கொட்டி, எலும்பாக வீட்டுக்கு வந்தான். ஆறு மாதம் போனால்தான் சொல்ல முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். பங்குனிக்கு அவன் பிழைப்பானா என்று யாருக்கும் தெரியாது. என் கையில்தான் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரியும்.

பதினைந்து நாள் விரதம். மஞ்சள் சீலைத் துண்டைச் சுற்றிக்கொண்டு, ஒரு வேளைச் சோறு. விருதுநகரில் அன்று வெயில் மண்டையைப் பிளந்தது. உள்ளங்கையில் வேப்பிலையை அடுக்கி அதன்மேல் நெருப்புச் சட்டியை வைத்தார்கள். கூட்டம் "ஆகோ அய்யாகோ" என்று கத்தியது. ஒன்பது வயதுக் கைக்கு அது கனம். இலை வதங்கினதும் சூடு தோலில் இறங்கியது. கீழே போட்டால் தம்பி செத்துவிடுவான். அது ஒன்றுதான் மனசில் ஓடியது. மாமா பக்கத்தில் நடந்து விறகுச் சில்லு போட்டுக்கொண்டு வந்தார்.

"சட்டியக் குடு தாயி, நான் புடிக்கேன். நீ ஒண்ணுஞ் செய்யலத்தா."

"தொடாதீக" என்றாள் அத்தை. "எடுத்தவதான் எறக்கணும்."

இறக்கினேன். இரண்டு உள்ளங்கையும் கொப்பளித்திருந்தன.

தம்பி பிழைத்தான். இன்றைக்கும் இருக்கிறான். கண்ணுக்கு என்ன என்று கேட்டால், "மத்தாப்பு" என்பான். ஊர் முழுக்க என் சட்டியைத்தான் சொன்னார்கள். அந்த டாக்டரை ஒருவரும் சொல்லவில்லை. அத்தை கண்மலரையும் மறக்காமல் போட்டாள், இரண்டு கண்ணும் சேர்த்து.

அம்மா செத்த பதினாறாம் நாள் மாமா என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். அவருடைய கண் வெடியில் போகவில்லை. இரண்டு வயதில் பூனைக்கண் மாதிரி மின்னி, வீங்கி, பிறகு தானாகவே சுருங்கிப் போனது. அக்காவான அம்மா அப்போது சிறுமி, கூட இருந்து பார்த்தவள். அவர்கள் அப்பா, என் தாத்தா, வெடி என்று ஊருக்குச் சொல்லிவிட்டார். அப்படிச் சொல்லாவிட்டால் அம்மாவை யார் கட்டுவது? பொறி பட்டு இந்த நோய் வராது, இது வழியில் வருவது என்று மதுரை டாக்டர் அன்றே அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அதை வெளியே சொன்னால் அத்தை அப்பாவுக்கு வேறு பெண் பார்த்திருப்பாள். என்னையும் எவனும் கட்டியிருக்க மாட்டான். எல்லாம் நியாயம்தான். ஆனால் நான் பெற்ற இரண்டையும் விளக்கு வெளிச்சத்தில் பிடித்துக் கண்ணைப் பார் என்று என்னிடம் சொல்ல ஒரு ஆள் இல்லையே. தப்பித்தது அதுகளின் அதிர்ஷ்டம்.

அன்றைக்குச் சட்டியோடு போகிறபோது வழியெல்லாம் பெண்கள் குடத்தில் மஞ்சள் தண்ணீர் கொண்டுவந்து என் காலில் ஊற்றி விழுந்து கும்பிட்டார்கள். சட்டி எடுக்கிறவள் சிறுசானாலும் அந்த நேரத்துக்கு அம்மன்தான். கோயில் பக்கத்தில் அம்மா வந்தாள். தண்ணீரை ஊற்றினாள். சூடான தரையில் குப்புற விழுந்து என் இரண்டு காலையும் பிடித்துக்கொண்டாள். பின்னால் வந்தவர்கள் நெருக்கினார்கள், அத்தை அதட்டினாள். அம்மா எழுந்திருக்கவில்லை. மாமாதான் தோளைப் பிடித்துத் தூக்கினார்.

தம்பிக்காக அம்மனை வேண்டுகிறாள் என்று நினைத்தேன். கை எரிந்தது. சீக்கிரம் காலை விட மாட்டாளா என்றுகூட இருந்தது.