சைவக்காரிக்கு ஒரு பங்கு

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், செகந்திராபாத் மெட்டுகுடாவில் எங்கள் வீட்டுச் சின்ன அறையில் உட்கார்ந்து சாயங்கால ஷிஃப்ட் பார்த்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. கனடாவில் இருக்கும் நோயாளிகளுக்குப் போன் போட்டு ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பது என் வேலை. நமக்குச் சாயங்காலம் என்றால் அவர்களுக்குக் காலை.

அப்படி ஒரு நாள் அகப்பட்டவர், கடலே உறைந்துபோகும் வடகோடி ஊர் ஒன்றில் இருந்த இனுயிட் பெரியவர். இரண்டு கண்ணிலும் புரை. விமானம் ஏறித் தெற்கே பெரிய ஊருக்கு வந்துதான் ஆபரேஷன் செய்துகொள்ள வேண்டும். அவருக்காகப் பேசியது அவர் மனைவி. மே மாதம் ஓர் இடம் இருக்கிறது என்றேன்.

"மே மாசமா? முடியாதும்மா. சீல் எல்லாம் வெயில் காய ஐஸ் மேலே வருமே!" என்றார்.

சீல் என்றால் கடல்நாய். அது வெயில் காய்ந்தால் இவருக்கு என்ன வந்தது? எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. 'மறுத்துவிட்டார்' என்று கம்ப்யூட்டரில் பதிந்தேன்.

அடுத்து ஆகஸ்டில் ஒரு தேதி கிடைத்தது. அப்போது மீன்கள் கடலிலிருந்து ஏரிக்குத் திரும்புமாம். வலை போட்டுப் பிடித்துக் காயவைத்தால்தான் குளிர்காலத்துக்குச் சாப்பாடாம். சரி, செப்டம்பர் பரவாயில்லையா என்று பேச்சுக்குக் கேட்டேன். அப்போது மான் வேட்டையாம். மே மாதத்து சீலும் வேட்டைக்குத்தான் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா என்று கொஞ்சம் எரிச்சலாகவே கேட்டுவிட்டேன். உடனே அந்தம்மாவின் குரல் இறங்கிவிட்டது. "வேணும்மா. போன தடவை கண்ணு தெரியாம ஐஸ்ல விரிசல் இருக்கிறதைப் பார்க்கலை. கொஞ்சம் விட்டா பனி வண்டியோட உள்ளே போயிருப்பார்."

வேண்டுமாம், ஆனால் தேதி வேண்டாமாம். இதில் எதை நம்புவது? மூன்றாவது தடவையும் மறுத்தால் பெயர் வரிசையின் கடைசிக்குப் போய்விடும். அதற்குள் அந்த மனுஷர் விரிசலில் விழுந்தால்?

வீட்டிலோ வேறு கூத்து. புது ஃபிளாட்டில் பால் காய்ச்ச நாள் பார்த்துக்கொண்டிருந்தோம். மாமியாருடையது மூன்று தலைமுறையாக லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழ்ந்த குடும்பம்; 'வேண்டாம்' என்பதை ஹைதராபாத் பாஷையில் 'நக்கோ' என்றுதான் சொல்வார். "ஆடில நக்கோ. புரட்டாசில நக்கோ. மார்கழியா, நக்கோவே நக்கோ!" என்று ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போனார். என் கணவர் பொறுமை இழந்து, "அப்ப எப்பதாம்மா முடியும்? அதைச் சொல்லு மொதல்ல" என்றார்.

அட, இதை நான் அந்தம்மாவிடம் கேட்கவே இல்லையே!

மறுநாள் கேட்டேன். அந்தம்மா யோசிக்கவே இல்லை. "ஜூலைல ஐஸ் உடையுறப்போ. அப்ப ஐஸ் மேலே வண்டியும் போகாது, தண்ணியில படகும் போகாது. எல்லாரும் சும்மாதான் இருப்போம்." ஜூலை முதல் வாரத்தில் யாரோ விட்டுப்போன இடம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துப் போட்டேன். ஆபரேஷனும் நல்லபடியாக நடந்தது.

பிறகு பனிக்காலத்தில் ஒருநாள், அடுத்த பரிசோதனைக்குத் தேதி சொல்லக் கூப்பிட்டேன். அந்தம்மா ஒரே சந்தோஷத்தில் இருந்தார். கண் தெளிந்த பிறகு வீட்டுக்காரர் பிடித்த முதல் சீலாம். வேட்டைக்கு எந்த வகையில் கை கொடுத்தவருக்கும் அதில் ஒரு பங்கு உண்டாம். "உனக்கும் ஒரு பங்கு எடுத்து வச்சோம். நீ தூரத்துல இருக்கியே, அதனால பக்கத்து வீட்டுல தனியா இருக்கிற கிழவிகிட்ட, இது உன்னோடதுன்னு சொல்லிக் கொடுத்துட்டேன்" என்றார்.

நான் முட்டை கூடத் தொடாதவள். நன்றி சொல்வதா, மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல் ஏதோ உளறினேன். கண்ணில் நீர் வேறு முட்டிக்கொண்டு வந்தது. மாமியாரிடம் சொன்னதும் "ராமா ராமா" என்று காதைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து அவரே சமையலறை வாசலில் வந்து நின்று, "அந்தக் கிழவி வயிறார சாப்பிட்டாளாமா?" என்று கேட்டார்.

எனக்கு வந்தது பாவமா புண்ணியமா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஜூலையில் இங்கே மழை பிடிக்கும்போதெல்லாம், அங்கே ஐஸ் உடைய ஆரம்பித்திருக்குமா என்று என் வீட்டு விஷயம் போலக் கவலைப்படுகிறேன்.